திருக்கை குத்தினால் அலறுகிறோம், கடல் பாம்பு கடித்தால் சும்மா இருக்கிறோம்

கேள்வி: நான் காசிமேட்டில் இருக்கிறேன், கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மூன்று வாரத்துக்கு முன் வலையைக் கொட்டிப் பிரிக்கும்போது திருக்கை வாலால் அடித்து, முள் கணுக்காலுக்குக் கீழே ஏறிவிட்டது. குத்து காலில்தான். ஆனால் அரை மணிக்குள் வயிறு முறுக்கி, வாந்தி எடுத்து, வேர்த்துக் கொட்டியிருக்கிறது. கரைக்கு வந்ததும் ஓர் ஊசி போட்டதோடு சரி. காயம் இன்னும் முழுசாக ஆறவில்லை, கால் விரல் மரத்துப்போகிறது என்கிறார். "விஷம் நரம்புல இறங்கிடுச்சு" என்று பக்கத்து வீட்டு ஆயா சொல்கிறார். காலில் ஏறிய முள் வயிற்றை எப்படி முறுக்கும்? நரம்பு போய்விடுமா? இத்தனைக்குப் பிறகும் அப்பா, "சொறி (ஜெல்லி மீன்) பட்டா அரிப்புதான், கடப்பாம்புக்கு வாய் சின்னது, ஒண்ணும் ஆவாது" என்கிறார். படகில் சிலர் பேத்தை மீனை (உடம்பை ஊதிக்கொள்ளும் பஃபர் மீன்) சுத்தம் செய்து குழம்பு வைப்பதும் உண்டாம். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்லுங்கள் டாக்டர்.
- வாசகி, காசிமேடு

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உன் கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், உயிர் அதில்தான் இருக்கிறது. வலை பிரிக்கிறவர்கள் வலியை வைத்துத்தான் ஆபத்தை அளக்கிறார்கள். திருக்கையோ கெளுத்தியோ குத்தினால் படகே கூடிவிடும். கடல் பாம்பு கடித்தால், "முள்ளு கீறிச்சு போல" என்று கையை உதறிவிட்டு அடுத்த கூடையை எடுப்பார்கள். பேத்தை சாப்பிட்டவருக்கு முதலில் வலியே இருக்காது. உதடு மதமதப்பாக இருக்கும், அவ்வளவுதான். இந்தக் கணக்கு தலைகீழானது. கடலில் அலறவைக்கும் விஷம் பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை. சத்தமில்லாமல் ஏறும் விஷம்தான் மூச்சை நிறுத்துகிறது. அப்பாவிடம் நீ கட்டாயம் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். நீ விலங்கியல் படிக்கிறாய், காரணத்தோடு சொன்னால் அவர் கேட்பார் என்பதற்காக மற்றதை எழுதுகிறேன்.

நரம்பில் ஓடும் சேதி என்பது உப்பின் நடமாட்டம். நரம்பிழையின் சவ்வில் சோடியத்துக்கென்று நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. ஒன்று திறந்தால் வெளியே இருக்கும் சோடியம் உள்ளே பாயும், அந்த இடத்து மின்னழுத்தம் மாறும், அந்த மாற்றத்தில் அடுத்த வாசல் திறக்கும். இப்படியே நுனிவரை ஓடும். நுனியில் திறப்பது கால்சியம் வாசல். கால்சியம் நுழைந்ததும் அங்கே சேர்த்து வைத்திருக்கும் அசிடைல்கோலின் என்ற ரசாயனம் தசையின் மேல் கொட்டுகிறது, தசை சுருங்குகிறது. கை, கால், கண்ணிமை, விலா, மூச்சை இழுக்கும் உதரவிதானம் என்று எலும்புத் தசைகள் எல்லாம் இப்படித்தான் வேலை செய்கின்றன.

மென்தசையின் கதை வேறு. இரைப்பை, குடல், ரத்தக் குழாய், மூச்சுக் குழாய், சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, கண் பாவை எல்லாம் மென்தசையின் கையில் இருக்கின்றன. நாம் சொல்வதை அது கேட்காது. தன்னியக்க நரம்பு சொன்னால் கேட்கும், ரத்தத்தில் வரும் ஹார்மோன் சொன்னாலும் கேட்கும், பக்கத்துத் திசுவில் கசிகிற ஹிஸ்டமின், செரடோனின் போன்ற ரசாயனங்கள் தொட்டாலும் கேட்கும். உத்தரவு எந்த வழியில் வந்தாலும், கடைசியில் செல்லுக்குள் கால்சியம் கூடி, கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஒரு நொதியை எழுப்பும். தசை மெதுவாகச் சுருங்கும், சுருங்கியதை நெடுநேரம் விடாது. எலும்புத் தசைக்கு உத்தரவு வர ஒரே வழி, மென்தசைக்குப் பல வழி. கடல் விஷங்கள் மென்தசையில் இத்தனை விதமாகப் புகுந்து குழப்புவது அதனால்தான்.

இனி அப்பாவின் கால். திருக்கை முள்ளின் இரண்டு ஓரத்திலும் பின்னோக்கி வளைந்த ரம்பப் பற்கள் இருக்கும். முள்ளின் அடிப்பக்கத்துப் பள்ளங்களில் விஷத் திசு, அதை மூடி ஒரு மெல்லிய தோல் உறை. முள் ஏறும்போது உறை கிழிந்து விஷம் காயத்துக்குள் இறங்கும். முள் திரும்பி வரும்போது பற்கள் சதையைக் கிழித்துக்கொண்டு வரும், உறையின் துணுக்கும் சில சமயம் முள்ளின் ஒடிந்த நுனியும் உள்ளேயே தங்கிவிடும். விஷத்தில் புரதங்களும் நொதிகளும் செரடோனினும் இருக்கின்றன. செரடோனின் வலி நரம்பின் நுனியைக் கிளறும். அதே செரடோனின் ரத்தக் குழாயின் மென்தசையைச் சுருக்கவும் செய்யும். திருக்கை குத்திய இடத்தின் விளிம்பு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருப்பதைப் பார்த்திருப்பாய். அங்கே ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. ஆற நாளாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வயிறு முறுக்கியது இரண்டு வழியில் நடந்திருக்கும். ரத்தத்தில் கலந்த கொஞ்சம் விஷம் குடலின் மென்தசையைப் பிடித்து இழுக்கும், அது ஒன்று. அந்த அளவு கடுமையான வலி தன்னியக்க நரம்புகளையே உலுக்கிவிடும், அது இன்னொன்று: வேர்க்கும், குமட்டும், ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும், ஆனால் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். உன் அப்பாவுக்கும் அப்படித்தான் அடங்கியிருக்கிறது. திருக்கை உயிரை எடுப்பது பெரும்பாலும் முள் நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ இறங்கினால்தான். 2006ல் ஆஸ்திரேலியாவின் காட்டுயிர் டிவி நிகழ்ச்சிக்காரர் ஸ்டீவ் இர்வின் இறந்தது முள் நெஞ்சில் பாய்ந்ததால். அந்த மாதிரி இடத்தில் முள் நின்றுவிட்டால் படகில் யாரும் அதைப் பிடுங்கக் கூடாது. அப்படியே அசையாமல் வைத்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

காலில் கையில் குத்தினால் முதல் வைத்தியம் வெந்நீர். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம், செய்கிற விதத்தில்தான் கோளாறு வருகிறது. தண்ணீர் 45 டிகிரி செல்சியஸ் அளவில், தாங்கக்கூடிய சூட்டில் இருக்க வேண்டும். குத்துப்பட்ட காலை வைத்துச் சூடு பார்க்கக் கூடாது. அந்தக் காலுக்கு வலியைத் தவிர வேறொன்றும் தெரியாது, வெந்து கொப்புளம் வந்தாலும் தெரியாது. குத்துப்படாத காலையோ, இன்னொருத்தர் முழங்கையையோ முதலில் முக்கிப் பார்க்க வேண்டும். அதைத் தாங்க முடிந்தால் குத்துப்பட்ட காலை இறக்கலாம். 30 நிமிடம் முதல் 90 நிமிடம் வரை வைக்கலாம்; ஆற ஆறச் சுடுதண்ணீர் சேர்க்கும்போது காலை வெளியே எடுத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். இந்த விஷத்தின் முக்கியப் பகுதி புரதம், சூட்டில் கெட்டுவிடும் என்பதுதான் வழக்கமான விளக்கம். சூடு நரம்பிலேயே வலியை மட்டுப்படுத்துவதும் இதில் சேரும். எப்படியானாலும் வலி நன்றாக இறங்கும். கெளுத்தி முள்ளுக்கும் இதே வைத்தியம்தான். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, வாயால் உறிஞ்சுவது, கத்தியால் கீறுவது எதுவும் வேண்டாம். கயிறு போட்டு இறுக்குவது கூடவே கூடாது. ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கும் ரத்தக் குழாயை நாமும் சேர்ந்து அடைப்பதில் என்ன லாபம்?

மூன்று வாரமாகியும் காயம் ஆறவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது உள்ளே தங்கிய துணுக்கை. எக்ஸ்ரே எடுக்கச் சொல். முள் துண்டு பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியும், உறையின் துணுக்கு தெரியாது. அதற்கு ஸ்கேனோ, காயத்தைத் திறந்து சுத்தம் செய்வதோ தேவைப்படும். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறார்களா என்றும் கேள். கடல் தண்ணீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் காயத்தில் புகுந்தால், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் குடியால் கல்லீரல் கெட்டவர்களுக்கும் ஒரே நாளில் கால் வீங்கிக் கறுத்துவிடும். அப்படி ஒருவருக்கு ஆரம்பித்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

விரல் மரத்துப்போவதற்கு நான் ஒரு கேள்வி கேட்பேன்: குத்துப்பட்ட காலில் மட்டுமா, இரண்டு காலிலுமா? ஒரு காலில், அதுவும் காயத்துக்கு அந்தப் பக்கத்து விரல்களில் மட்டும் என்றால், முள் தோலடி நரம்பொன்றைக் கிழித்திருக்கும், அல்லது வீக்கம் அழுத்திக்கொண்டிருக்கும். முழுதாக அறுபடாத நரம்பு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து திரும்பும், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். திருக்கை விஷம் நரம்பிலேயே குடியிருந்து ஆளை முடக்கும் என்பது கிடையாது, ஆயாவிடம் தைரியமாகச் சொல். ஆனால் இரண்டு பாதமும் மரத்தால், அது திருக்கையின் வேலையே இல்லை. ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். ஆறாத காயம், மரத்த பாதம் என்று வருகிறவர்களில், தனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றுதான் தெரியவரும் ஆட்களை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன். பழியைத் திருக்கை மேல் போட்டுவிட்டு அதை விட்டுவிடாதே.

சொறி விஷயத்தில் அப்பா சொல்வது பாதி சரி. நம் கரையில் படுகிற பெரும்பாலான சொறிக்கு அரிப்பும் எரிச்சலும் தடிப்பும்தான். அதன் கொடிகளில் லட்சக்கணக்கில் கொட்டும் செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சுருட்டி வைத்த ஊசிக் குழல். தோல் பட்ட மாத்திரத்தில் வெடித்துக் குத்தும். உள்ளே இறங்கும் புரதங்களில் பல, செல் சவ்வில் நேராகத் துளை போடுகிறவை. துளை வழியே சோடியமும் கால்சியமும் கட்டுப்பாடில்லாமல் நுழையும். வலி நரம்பு கொதிக்கும், ரத்தக் குழாயின் மென்தசை இறுகும். தோலில் கொடியின் தடம் அப்படியே வரிவரியாக எழும்புவது இப்படித்தான்.

பெட்டி வடிவச் சொறியில் சில இனங்கள் வேறு மாதிரி. தோலில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அரை மணி கழித்து இடுப்பும் முதுகும் விட்டுப்போகும், வயிறு பிடிக்கும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் எகிறும். ஆஸ்திரேலியாவில் இதை இருகாஞ்சி நோய் என்கிறார்கள். 1961ல் ஜாக் பார்ன்ஸ் என்ற மருத்துவர் விரல்நுனி அளவே உள்ள ஒரு சொறியைப் பிடித்து, தன் மேலும், தன் மகன் மேலும், கூட இருந்த ஒரு கடற்கரைக் காவலர் மேலும் கொட்டவைத்து அதுதான் காரணம் என்று நிரூபித்தார். மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். பெற்ற பிள்ளை மேல் செய்தது சரியென்று நான் சொல்லமாட்டேன், ஆனால் பின்னால் வந்த ஆராய்ச்சிகளில் தெரிந்த விஷயம் பெரிது: விஷம் பரிவு நரம்புகளை, அதாவது தன்னியக்க நரம்பில் அவசரத்துக்கு உடம்பை முடுக்கும் பிரிவைத் தூண்டி அட்ரினலின் வகை ரசாயனங்களைக் கொட்டவைக்கிறது, ரத்தக் குழாய்களின் மென்தசை உடம்பு முழுக்க இறுகுகிறது. தோலில் பட்டது ஒன்று, துடிப்பது வேறு இடம். சொறி பட்ட பிறகு முதுகுவலியும் வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் வந்தால் "கேஸு" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காமல், ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தமும் ஈசிஜியும் பார்க்க வேண்டும்.

சொறி பட்டால் மணலைப் போட்டுத் தேய்ப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும் வெடிக்காமல் மிச்சமிருக்கும் செல்களையும் வெடிக்கவைக்கும். கடல் தண்ணீரால் அலசி, ஒட்டியிருக்கும் கொடியைக் கையுறை போட்டோ இடுக்கியாலோ எடுத்துவிட்டு, திருக்கைக்குச் சொன்ன அதே வெந்நீர் வைத்தியம் செய்யலாம். வினிகர் பெட்டிச் சொறிக்கு நல்லது, வேறு சிலவற்றுக்குக் கெடுதல். எந்த இனம் என்று தெரியாதபோது கடல் தண்ணீரும் வெந்நீருமே போதும்.

இன்னொன்று, போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் ஆகாது. 1901ல் மொனாகோ இளவரசரின் கப்பலில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சார்ல்ஸ் ரிஷேயும் பால் போர்ட்டியேயும் நீலக் குமிழ்ச் சொறியின் விஷத்தை ஆராயத் தொடங்கினார்கள். பாரிஸ் திரும்பியதும் கடல் சாமந்தி என்ற, சொறியின் உறவான உயிரியின் விஷத்தை நாய்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்து அதைவிடக் குறைந்த அளவிலேயே நிமிடக்கணக்கில் செத்துப்போனது. அனஃபிலாக்சிஸ் என்ற கடும் ஒவ்வாமை உலகத்துக்குத் தெரியவந்தது இப்படித்தான். ரிஷேவுக்கு 1913ல் நோபல் பரிசு. இதில் ஹிஸ்டமின் போன்ற ரசாயனங்கள் ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்கின்றன: மூச்சுக் குழாயின் மென்தசை இறுகி வீசிங் வருகிறது, ரத்தக் குழாயின் மென்தசை தளர்ந்து அழுத்தம் விழுகிறது. இரண்டையும் திருப்பும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. முகம் வீங்கி, மூச்சு இழுத்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இனி சத்தமில்லாதவை.

கடல் பாம்புக்கு வாய் சின்னதுதான், பல்லும் சில மில்லிமீட்டர்தான். அதற்காகக் கடிக்க முடியாது என்று நினைப்பது உயிரை வைத்து விளையாடுவது. கடிபட்ட பலருக்கு விஷம் ஏறுவதில்லை, அதனால்தான் "எனக்குக் கடிச்சுது, ஒண்ணும் ஆவல" என்று சொல்கிற ஆள் ஒவ்வொரு படகிலும் கிடைப்பார். விஷம் ஏறியவர் வந்து சாட்சி சொல்வதில்லை. கடித்த இடம் வீங்காது, வலிக்காது. அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் நாக்கு தடிக்கும், தாடை இறுகும், கழுத்தும் தொடையும் அசைத்தாலே வலிக்கும். பிறகு கண்ணிமை விழும், பேச்சு குழறும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும்.

உள்ளே இரண்டு வேலை நடக்கிறது. விஷத்தின் ஒரு பகுதி, எலும்புத் தசை மேல் அசிடைல்கோலின் உட்காரும் ஏற்பியில் தான் உட்கார்ந்துகொள்கிறது. நரம்பு சேதி அனுப்புகிறது, தசைக்குக் கேட்பதில்லை. கடைசியில் உதரவிதானமும் கேட்காமல் போகும். குடலின் மென்தசையும் அசிடைல்கோலினைத்தான் கேட்கிறது, ஆனால் அங்கே ஏற்பி வேறு வகை, பாம்பு விஷம் அதைத் தொடுவதில்லை. அதனால் இமை விழுந்த ஆளுக்கும் குடல் ஓடிக்கொண்டிருக்கும். உன் பாடப் புத்தகத்தில் நிக்கோடினிக், மஸ்கரினிக் என்று இரண்டு ஏற்பி வருமே, அந்த வித்தியாசம் இங்கே ஒரு ஆளின் உடம்பிலேயே தெரியும். விஷத்தின் இன்னொரு பகுதி தசைச் செல்லையே சிதைக்கும் நொதி. சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற தசைப் புரதம் கசிந்து சிறுநீரகத்தை அடைக்கும், பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பை நிறுத்தும். கருஞ்சிவப்புச் சிறுநீரைப் பார்த்தால் நான் பயப்படுவது அந்தப் பொட்டாசியத்துக்குத்தான்.

நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு தரைப் பாம்புகளுக்கானது. கடல் பாம்புக்கென்று மருந்து ஆஸ்திரேலியாவில் செய்கிறார்கள். ஆகவே இங்கே உயிரைக் காப்பது வெண்டிலேட்டரும் டயாலிசிஸும்தான். நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ சென்ட்ரல் எதிரில் இருக்கும் பெரியாஸ்பத்திரிக்கோ போக வேண்டும். நடுவில் சின்ன கிளினிக்குகளில் நேரத்தை விடக் கூடாது. கடிபட்ட கையை அசைக்காமல் கட்டை வைத்துத் துணியால் சுற்றிக்கொள்ளட்டும். ஒன்றும் இல்லை என்று தோன்றினாலும் ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் இருப்பதே நல்லது.

பேத்தைக்கு வருகிறேன். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. பேத்தை படகில் சமைக்கப்படக் கூடாது. அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும், சில இனங்களில் சதையிலும், டெட்ரோடோடாக்சின் என்ற விஷம் இருக்கிறது. 1909ல் ஜப்பானிய விஞ்ஞானி தஹாரா அதற்குப் பெயர் வைத்தார், 1964ல் அதன் அமைப்பு தெரியவந்தது. அதே 1964ல் தோஷியோ நராஹாஷியும் கூட்டாளிகளும் லாப்ஸ்டரின் நரம்பிழையை, அதாவது நம் சிங்கி இறாலின் சொந்தக்காரன் நரம்பை வைத்து, அது எங்கே வேலை செய்கிறது என்று காட்டினார்கள். பூட்டுக்குள் சாவி முறிந்து நின்றுவிட்ட மாதிரி, சோடியம் வாசலின் வெளிவாயில் போய் இது அடைத்துக்கொள்கிறது. சேதி கிளம்பும் இடத்திலேயே நின்றுவிடுகிறது.

திருக்கைக்குச் சொன்ன சூட்டு வைத்தியத்தை வைத்து இதை எடை போடக் கூடாது என்பதற்காகவே இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதுகிறேன். அது புரதம், சூட்டில் கெடும். இது சின்ன மூலக்கூறு, கொதிக்கும் குழம்பிலும் கெடாது, பொரித்தாலும் கெடாது, உப்புப் போட்டுக் காயவைத்தாலும் இருக்கும். "நாலு தடவை தின்னோம், ஒண்ணும் ஆவல" என்பதற்கும் காரணம் உண்டு: இனத்துக்கு இனம், பருவத்துக்குப் பருவம் விஷம் ஏறி இறங்கும், சினை வைக்கும் சமயத்தில் உச்சத்துக்குப் போகும். ஈரலை எடுக்கும்போது கத்தி நுனி கிழித்தாலே சதையில் கலந்துவிடும்.

சாப்பிட்டவருக்கு என்ன ஆகும் என்பதை 1774லேயே ஆங்கிலக் கடலோடி கேப்டன் குக் எழுதி வைத்திருக்கிறார். நியூ கலிடோனியாவில் அவர் ஈரலையும் சினையையும் கொஞ்சம் ருசிதான் பார்த்தார். விடியற்காலை கைகால் மரத்து, நிறைகுடுவைக்கும் இறகுக்கும் எடை வித்தியாசமே தெரியவில்லை. மீனின் குடலைத் தின்ற பன்றி காலையில் செத்துக் கிடந்தது. வரிசை இப்படிப் போகும்: உதடு, நாக்கு, விரல்நுனி மதமதப்பு, வாந்தி, நடை தள்ளாட்டம், கைகால் தளர்ச்சி, பிறகு மூச்சு. ரத்த அழுத்தமும் விழும், ஏனென்றால் ரத்தக் குழாயின் மென்தசையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லும் பரிவு நரம்புகளும் ஊமையாகிவிடுகின்றன. விஷம் மென்தசையைத் தொட்டு அல்ல, அதற்கு உத்தரவு வராமல் செய்து தளர்த்துகிறது. மாற்று மருந்து கிடையாது. ஆனால் விஷம் ஒரு நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடும். அந்த ஒரு நாள் வெண்டிலேட்டர் மூச்சு விட்டால் ஆள் எழுந்து உட்காருவார். கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை என்று கைவிட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் கடைசிவரை அவருக்கு நினைவு இருக்கும், சுற்றிப் பேசுவது கேட்கும். நடுக்கடலில் மூச்சு நின்றால், வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே கரைக்கு வர வேண்டும். ஆள் மாற்றி ஆள் ஊதலாம், நிறுத்தக் கூடாது.

உன் வீட்டுச் சட்டிக்கும் ஒரு வார்த்தை. சூரை, கானாங்கெளுத்தி போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் கிருமிகள் சதையில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதுவும் சமைத்தால் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, வயிறு பிடுங்கும். பலர் இதை மீன் அலர்ஜி என்று நினைத்து ஆயுசுக்கும் மீனை விட்டுவிடுகிறார்கள், பாவம். குற்றம் மீனில் இல்லை, ஐஸில் இருக்கிறது.

வலையில் வரும் அழகான கூம்புச் சங்குகளை உயிரோடு உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டாம், உன் சேகரிப்புக்கென்று அப்பா எடுத்துவந்தாலும் வேண்டாம். அதற்கு ஈட்டி மாதிரி வேலை செய்யும் பல் உண்டு, மீன் தின்னும் இனங்கள் ஆளையும் கொல்லும். இவற்றின் விஷங்களில் ஒன்று, நான் மேலே சொன்ன நரம்பு நுனியின் கால்சியம் வாசலில் ஒரு வகையை மட்டும் பார்த்து அடைக்கிறது. அதே மூலக்கூறைச் செயற்கையாகச் செய்து, சிக்கோனோடைடு என்ற பெயரில் 2004ல் அமெரிக்காவில் வலி மருந்தாக அனுமதித்தார்கள். மற்ற மருந்துக்கு அடங்காத வலி உள்ளவர்களுக்கு முதுகுத்தண்டின் திரவத்திலேயே செலுத்துகிறார்கள். உனக்கு மேற்படிப்பில் நாட்டம் இருந்தால் இந்தப் பக்கம் பார், செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

அப்பாவின் படகில் தடிமனான கையுறை, நீள இடுக்கி, வெந்நீர் போட ஒரு பாத்திரம், சுத்தமான துணிச்சுருள் இருக்கட்டும். வலையைப் பிரிக்கும்போது வெறுங்கையை உள்ளே விடாமல் முதலில் குவியலைக் கிளறிவிடட்டும். கடலில் இருக்கும்போது உதவிக்குக் கடலோரக் காவல்படையின் 1554, கரைக்கு வந்ததும் 108. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எத்தனை மணிக்கு நடந்தது என்பதையும், கடித்ததையோ தின்றதையோ போனில் எடுத்த படத்தையும் கொண்டுபோக வேண்டும். மீன் மிச்சம் இருந்தால் ஒரு கவரில் போட்டு அதையும் கொண்டுபோகலாம். "மீன் சாப்பிட்டேன், மயக்கமா இருக்கு" என்று மட்டும் சொன்னால் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. "பேத்தை சாப்பிட்டேன், உதடு மரத்தது" என்று சொன்னால் வெண்டிலேட்டர் பக்கத்தில் படுக்கவைப்பார்கள்.

அன்புடன்,
ஒரு பொது மருத்துவர், ராயபுரம்